கண்ணீர் அஞ்சலி ஒட்டிய அன்ரிகனி: கொக்குவிலில் ஒரு விடுமுறை நாடக வகுப்பு

மகள் பத்தாம் ஆண்டு. பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் எடுக்கிறாள். பழைய நாடகமொன்றைப் படித்து, அதை இன்றைய கதையாக்கிப் போனில் படம் பிடிக்கிற வகுப்பு ஒன்று யாழ்ப்பாணம் கொக்குவிலில் நடக்கிறது என்று கேள்விப்பட்டு விடுமுறைக்குள் சேர்த்துவிட்டேன். நான்கு சனிக்கிழமை, காலை எட்டரை முதல் ஒரு மணி வரை, பன்னிரண்டு பிள்ளைகள், ஆறாயிரம் ரூபா. நடத்துகிற ரீச்சர் தன் பெயரை எழுதவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் இருபது வருடமாகக் கல்யாண வீட்டுக்கும் சாமத்திய வீட்டுக்கும் வீடியோ எடுக்கிறவன். அதனால் கமரா, ஒலி பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே கதைப்பேன்.

முதல் இரண்டு சனியும் கமராவே இல்லை. வாசலில் ஒரு பனையோலைப் பெட்டி. பிள்ளைகள் வந்தவுடன் போனை அதற்குள் வைத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மகள் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "வீடியோ வகுப்பு எண்டு சொல்லிப்போட்டு வாசிக்கத்தானே விடுறா, அப்பா." எனக்கும் ஆறாயிரம் ரூபா கண்ணுக்குள் வந்து போனது. ஆனால் இந்த வகுப்பில் மிகச் சரியாகச் செய்யப்பட்ட வேலை அந்தப் பெட்டிதான் என்று இப்போது நினைக்கிறேன்.

எடுத்த நாடகம் கிரேக்க நாடகாசிரியர் சோபொக்கிளீஸின் அன்ரிகனி. கிறிஸ்துவுக்கு முன் 441ஆம் ஆண்டளவில் ஏதென்ஸில் மேடையேறியது. ரீச்சர் நேரே அதற்குள் போகவில்லை. அரிச்சந்திர மயான காண்டத்திலிருந்து தொடங்கினாராம். எங்கள் இசைநாடக நடிகர் நடிகமணி வைரமுத்துவின் குரலில் அதைக் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. என் அப்பா அந்தப் பாட்டுகளைத் தோட்டத்துக்கு இறைக்கும்போதும் பாடுவார். பெற்ற பிள்ளையின் உடலை எரிக்கச் சந்திரமதி வருகிறாள், சுடலை காக்கிற அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் கேட்கிறான். செத்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்யவிடாமல் ஒரு சட்டம் குறுக்கே நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் பிள்ளைகள் கிரேக்கத்துக்குள் போயிருக்கிறார்கள். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்ற முறைப்பாடு அதன்பிறகு வரவில்லை.

அப்புறம் உறவுமுறை. அன்ரிகனியின் இரண்டு தமையன்மாரும் ஒருவரையொருவர் கொன்றுவிட, அரசனாகிற கிரேயன் அவளுடைய தாயின் சகோதரன். ஊருக்கு எதிராகப் படை கொண்டுவந்த தமையனை அடக்கம் செய்யக்கூடாது என்று அவன் கட்டளையிட, அவள் அதை மீறுகிறாள். அவனுடைய மகன் ஹேமன் அவளுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. "அப்ப தாய்மாமன். ஹேமன் முறை மச்சான்தானே" என்று ஒரு பொடியன் சொல்ல, முழு வகுப்பும் நிமிர்ந்து இருந்ததாம். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு இந்த இடம் இவ்வளவு சுளுவாகப் பிடிபடாது. தாய்மாமன் சொல்லைத் தட்டுவது என்றால் என்ன, தாய்மாமனே மாமனாராக வரப்போகிற வீட்டில் எதிர்த்து நிற்பது என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையில்லை.

மூன்றாவது சனிதான் போன் பெட்டியிலிருந்து வெளியே வந்தது. ரீச்சர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நாடகத்தில் அவள் உடலின்மேல் மண் தூவுகிறாள், நீங்கள் எதைத் தூவப்போகிறீர்கள்? "நாங்கள் எரிக்கிறனாங்கள், மண் போட்டால் ஆருக்கு விளங்கும்" என்று ஒருவர். பூ என்று ஒருவர். வட்ஸப்பில் ஸ்ரேற்றஸ் போடுவாள் என்று இன்னொருவர். ஸ்ரேற்றஸ் ஒரு நாளில் தானாகவே போய்விடும், அதை அழிக்க ஒரு அரசன் தேவையில்லை என்று சொல்லி அதைத் தாங்களே தள்ளியிருக்கிறார்கள். கடைசியில் என் மகளோடு படிக்கிற பிள்ளை ஒன்று ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டியதாம். எதிர் மதிலில் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் விவரிக்க வேண்டியதில்லை. செத்தவீடு நடந்த அன்றைக்கே சந்தியிலும் மதிலிலும் படத்தோடு ஒட்டிவிடுவார்கள். ஒருவருக்கு அது ஒட்டப்படவில்லை என்றால் ஊர் கேட்கும். பிள்ளைகளின் கதையில் மாமா ஊர்ச் சங்கத் தலைவர். காணிச் சண்டையில் அன்ரிகனி இடத்தில் இருக்கிற பெட்டையின் அண்ணன்மார் இருவரும் ஒரே இரவில் சாகிறார்கள். மூத்தவனுக்குப் பெரிய பனர், ஒலிபெருக்கி எல்லாம். வெளியாட்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு எதிராக வந்தவன் என்று இளையவனுக்கு ஒன்றும் இல்லை. அவன் பெயரில் ஒரு துண்டுகூட ஒட்டக்கூடாது என்பது மாமாவின் கட்டளை.

படத்தில் எனக்கு மனதில் நிற்கிற காட்சி இது. விடியப்புறம், கிடுகு வேலியும் பாதி மதிலுமான ஒரு ஒழுங்கை. அவள் கோதுமை மாவில் காய்ச்சின பசையைத் தகரப் பேணியில் கொண்டு வருகிறாள். தூரிகை இல்லை, கையால் பூசுகிறாள். பசை முழங்கை வரை வழிகிறது. போட்டோவுள்ள நோட்டீசை ஒட்டி உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நீவிவிடுகிறாள். முகத்தைக் காட்டவே இல்லை, கை மட்டும்தான். மாமாவின் ஆட்கள் வந்து கிழிக்கிறார்கள். அடுத்த முறை அவளிடம் அச்சடித்த நோட்டீஸ் இல்லை. அப்பியாசக் கொப்பித் தாளில் நீலப் பேனையால் அண்ணனின் பெயரை எழுதி ஒட்டுகிறாள்.

இது பிள்ளைகளின் சும்மா கற்பனை இல்லை. மூலத்திலும் மண் இரண்டு தரம் போடப்படுகிறது. முதல் தரம் போட்டதைக் காவற்காரர் கூட்டித் தள்ளிவிட, அவள் திரும்பி வந்து போடும்போதுதான் பிடிபடுகிறாள். ஒரு இரவு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள் கேட்டாள்: "ஏனப்பா ரெண்டு தரம்? ஒருக்காப் போட்டாலே கடமை முடிஞ்சுதுதானே?" என்னிடம் பதில் இல்லை. அவளிடம் இருந்தது. முதல் தரம் அண்ணனுக்காம், இரண்டாம் தரம் மாமாவுக்காம். புத்தகத்தை வாசித்து மட்டும் இந்தக் கேள்வி வந்திருக்காது என்று நம்புகிறேன். இரண்டு தரமும் படம் பிடிக்கவேண்டும், இரண்டும் ஒரே மாதிரி இருக்கக்கூடாது என்ற நெருக்குதல்தான் அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது.

கோரஸுக்கு, அதாவது அரசனைச் சுற்றி நிற்கிற ஊர்ப் பெரியவர்களுக்கு, ஒரு வட்ஸப் குழுவை வைத்திருக்கிறார்கள். மாமா எதைப் போட்டாலும் வரிசையாகக் கைகூப்பு. நல்ல யோசனைதான். ஆனால் மூலத்தில் அவர்கள் பாடுகிறார்கள், ஆடுகிறார்கள். எங்கள் கூத்தில் பிற்பாட்டு இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் தொடவில்லை? இந்த இடத்தில் ரீச்சர் பிள்ளைகளைக் கொஞ்சம் தள்ளியிருக்கலாம்.

இன்னுமொரு நுணுக்கம். கடைசியில் அந்தப் பெரியவர்களே கிரேயனிடம், முதலில் போய் நீ குகையில் அடைத்த பெட்டையை வெளியே விடு, பிறகு செத்தவனை அடக்கம் செய் என்கிறார்கள். அவனோ முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டு அப்புறம்தான் அவளிடம் போகிறான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. படத்தில் மாமா மனம் மாறியவுடன் முதலில் அச்சகத்துக்குப் போன் எடுக்கிறார்: இளையவனுக்கும் ஒரு பனர் அடி, அதே அளவு, படம் வடிவாக வரவேணும். அதன்பிறகுதான் அவளுக்கு எடுக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, ஆரும் எடுக்கவில்லை. படம் அதோடு முடிகிறது. வரிசையை மாற்றாமல் வைத்ததற்கு அந்தப் பன்னிரண்டு பேரையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

மூலத்தில் அன்ரிகனி தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறாள். அதைப் படத்தில் காட்டுவதில்லை என்று ரீச்சர் தொடக்கத்திலேயே பெற்றோருக்குச் சொன்னார். எனக்கும் முழுச் சம்மதம். இந்த வயதுப் பிள்ளைகளோடு அப்படித்தான் செய்யவேண்டும். அதனால் படத்தில் அவள் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். ஆனாலும் அப்படிப் போனவள் ஒருநாள் திரும்பி வரலாம். சோபொக்கிளீஸின் கிரேயனுக்கு அந்த வழி இல்லை. மகனும் போய், மனைவியும் போய், அவன் தனியே நிற்கிறான். படம் போட்டுக் காட்டிய அன்றைக்கு மூலத்தின் கடைசிப் பகுதியைப் பிள்ளைகளை நிற்கவைத்து வாசிக்கவிட்டார் ரீச்சர். அது நல்ல ஈடு.

இனிக் குறைகள். ஒலிதான் முதல் பிரச்சினை. பண்ணைக் கடலோரத்தில் எடுத்த ஹேமன், கிரேயன் வாக்குவாதத்தில் காற்றைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மூலத்தில் தகப்பனும் மகனும் ஒரு வரிக்கு ஒரு வரி வெட்டிப் பேசுகிற இடம் அது. ஊர் ஒருவனுடைய சொத்தா என்று மகன் கேட்கிற இடம். அது கேளாமல் போனால் நாடகத்தின் பாதி போச்சு. என் சின்ன ரெக்கோடரைக் கொடுத்து, வீட்டுக்குள் போர்வையைத் தொங்கவிட்டுத் திரும்பப் பேசவைத்துச் சேர்த்தோம். கமரா இல்லாத அந்த முதல் இரண்டு கிழமைக்குள் ஒரு மணித்தியாலம் ஒலிக்கு ஒதுக்கினால் போதும். சட்டையில் குத்துகிற மைக் ஒன்றும் வாங்கி வைக்கவேண்டும்.

எடிற்றிங்கும் அவசரம். கடைசிச் சனியில் ஒரே நாளில் கப்கட் என்ற எடிற்றிங் செயலியைச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல போன் வைத்திருந்த இரண்டு பொடியன்கள் எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட, மிச்சப் பத்துப் பேரும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். எந்தக் காட்சி எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பதும் நாடகத்தை விளங்குகிற வேலைதான். அது எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும். சொந்தப் போன் இல்லாத பிள்ளையும் ஒன்று இருந்தது. அதற்கு வகுப்பே ஒரு போன் கொடுத்தால் நல்லது. ரீச்சரிடம் நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

மேடைக்கு இது ஈடா என்று மகளின் பாடசாலை ஆசிரியர் ஒருவர் கேட்டார். இல்லை. சபைக்கு முன்னால் மூச்சைப் பிடித்து ஒரு வசனத்தைக் கடைசி வரிசை வரை அனுப்புகிற பயிற்சி இங்கே கிடைக்காது. அது வேண்டுமென்றால் கூத்துப் பழகவிடுங்கள். ஆனால் நாடகத்தைப் பரீட்சைக் குறிப்பாக மட்டும் பார்க்கிற பிள்ளை இருந்தால், ஒரு மாதம் சனிக்கிழமை ரியூசனை விட்டுவிட்டு இங்கே அனுப்பலாம். மார்கழி விடுமுறைக்குப் பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் 'உடையார் மிடுக்கு' எடுப்பதாகச் சொல்கிறார்கள். யாழ்ப்பாணப் பேச்சிலேயே எழுதப்பட்டது, 1940இல் நானாடகம் தொகுப்பில் வந்தது. உடையார் என்றால் அந்தக் கால ஊர் அதிகாரி. இன்றைக்கு உடையார் யார் என்ற சண்டை எங்கள் வீட்டில் இப்போதே தொடங்கிவிட்டது. மகளுக்கு இடம் சொல்லிவைத்தாயிற்று.