எச்சரிக்கை: மாடி ஒழுகலுக்கு ஆப்பில் ஆள் கூப்பிடுகிறவர்கள் இதைப் படியுங்கள், 38,400 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரி மழையில் மதுரை வில்லாபுரம் அக்கா வீட்டு மாடி மறுபடியும் ஒழுகிவிட்டது. "அஞ்சு வருஷம் வாரண்டி" என்று 38,400 ரூபாய் வாங்கிக்கொண்டு வாட்டர் ப்ரூஃபிங் செய்து பத்தொன்பது நாள்தான் ஆகிறது. முன்பு படுக்கையறை மூலையில் மட்டும் சொட்டியது. இப்போது ஹாலிலும் சொட்டுகிறது. ஐப்பசி பாதிகூடத் தாண்டவில்லை, கார்த்திகை மழை அப்படியே பாக்கி. அதனால்தான் ஆறப்போடாமல் இன்றே எழுதுகிறேன். எப்படி ஏமாற்றினார்கள், என்ன பார்த்திருக்க வேண்டும், யாரிடம் போகலாம், எல்லாம் சொல்கிறேன்.

புகார் நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. பிளம்பர், எலக்ட்ரீசியன், கொத்தனார், பெயிண்டர் என்று வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆப். 199 ரூபாய் கட்டினால் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள்.

வந்தவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். ஆப் பெயர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. காபி வேண்டாம், தண்ணி போதும் என்றார். சமையலறை சிங்க் குழாய் சொட்டுவதைப் பார்த்துவிட்டு, யாரும் கேட்காமலே பையிலிருந்து ஒரு வாசரை எடுத்து மாட்டினார். காசு நீட்டியதற்கு, "இதுக்கெல்லாமா காசு, விடுங்கக்கா" என்றார். அந்தப் பத்து ரூபாய் வாசரில்தான் அக்கா நம்பிவிட்டாள். அதற்கப்புறம் அவர் சொன்ன எதையும் வீட்டில் ஒருத்தரும் குறுக்கே கேட்கவில்லை.

பிறகு ஈரம் பார்க்கிற மீட்டரை எடுத்து இரண்டு ஊசியையும் சுவரில் அழுத்தினார். கீச்சென்று சத்தம், சிவப்பு விளக்கு. "பாருங்கக்கா, சுவர் பூரா தண்ணி. இப்படியே விட்டா கம்பி துருப்பிடிச்சு காரை கொட்டிரும்." இந்த மீட்டரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். அது தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. இரண்டு ஊசிக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று பார்க்கிறது, அவ்வளவுதான். அதில் இருக்கும் எண்கள் பெரும்பாலும் மரத்துக்காகக் குறித்தவை. உப்புப் பூத்த பூச்சில் வைத்தால் காய்ந்த சுவருக்கும் சிவப்பு எரியும். போர்வெல் உப்புத் தண்ணியில் கட்டிய சுவர்களில் அதை வைத்துப் பயமுறுத்துவது ரொம்பச் சுலபம்.

உண்மையிலேயே வேலை தெரிந்தவன் மீட்டரை எடுப்பதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: மழையே பெய்யாத வாரங்களிலும் சொட்டுகிறதா? சொட்டினால் அது மாடித் தளம் இல்லை. மேலே போகும் தண்ணீர்க் குழாய், மாடித் தொட்டி நிரம்பி வழிவது, மேல்வீட்டு பாத்ரூம் தரையில் தண்ணி இறங்கும் ஜாலிக்கடியில் இருக்கும் டிராப், இதில் ஒன்றாக இருக்கும். மழை நின்று இரண்டு மூன்று நாள் கழித்தும் சொட்டினால் தண்ணீர் தளத்துக்கு உள்ளேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். மழை பெய்யும்போது மட்டும் சுவரோரமாக வழிந்தால் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல். இவர் ஒன்றும் கேட்கவில்லை. மாடிக்கு ஏறி ஐந்து நிமிஷம் செல்போனில் படம் எடுத்தார்.

கணக்குச் சொன்னார்: 640 சதுர அடி, சதுர அடிக்கு 60 ரூபாய், மொத்தம் 38,400. விரிசலெல்லாம் அடைத்து, நடுவில் ஃபைபர் வலை வைத்து, மூன்று கோட். "ஆப்புல போட்டா ஜிஎஸ்டி சேரும்க்கா, என் நம்பருக்கே போட்டுருங்க. இன்னைக்கு அட்வான்ஸ் போட்டாத்தான் இந்த ரேட்டு." அங்கேயே 20,000 போனது. வேலை முடிந்த சாயங்காலம் மிச்சம் 18,400.

வேலை என்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் ராத்திரி தூறியிருந்தது. காலையில் இரண்டு பையன்கள் வந்து விளக்குமாற்றால் கூட்டினார்கள். பாசியைக் கம்பிப் பிரஷ் போட்டுத் தேய்க்கவில்லை, கழுவவில்லை. மூடி ஏற்கெனவே திறந்திருந்த 10 லிட்டர் வாளி ஒன்று. அதில் தண்ணீரை ஊற்றிக் கலக்கி ரோலரால் இழுத்தார்கள். மத்தியானத்துக்குள் மாடி வெள்ளையாகிவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கணக்கைப் பாருங்கள். இந்த வகை அக்ரிலிக் பூச்சு, இரண்டு கோட் சேர்த்து லிட்டருக்கு ஏறக்குறைய 30 சதுர அடி வரும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாளியிலேயே அச்சடித்திருக்கும். அப்படியானால் 640 சதுர அடிக்கு இரண்டு கோட்டுக்கே 21 லிட்டர் வேண்டும், மூன்று கோட்டுக்கு 30 லிட்டருக்கு மேல். வந்தது 10 லிட்டர், அதுவும் மூடி திறந்தது. நேற்று மாடியில் ஒரு ஓரத்தை நகத்தால் கிள்ளினேன். பாலாடை மாதிரி மொத்தமாக உரிந்து கையோடு வந்தது. அடியில் பச்சைப் பாசி அப்படியே ஒட்டியிருக்கிறது. வலை ஒரு நூல்கூட இல்லை.

அதைவிட மோசம், அந்த மாடிக்கு அந்தப் பூச்சே தப்பு. அது தட்டோடு பதித்த பழைய மாடி. கான்கிரீட் தளத்துக்கு மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இடித்த அடுக்கு, அதற்கு மேலே தட்டோடு. வருஷக்கணக்கான வெயிலில் ஓட்டு இடுக்குக் கலவை உதிர்ந்து, அது வழியாகத் தண்ணி சுண்ணாம்பு அடுக்கில் இறங்கித் தேங்குகிறது. மேலே பெயிண்ட் மாதிரி பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெயிலில் ஆவியாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிக் கிழித்துவிடும். முதலில் ஒவ்வொரு இடுக்கையும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். தட்டினால் டொம்மென்று கேட்கிற ஓடுகளை எடுத்து மாற்ற வேண்டும். சிமெண்ட் ஒன்றுக்கு மணல் மூன்று, அதோடு நீர்த்தடுப்பு மருந்து டப்பாவில் போட்டிருக்கும் அளவு கலந்து இடுக்கை அடைக்க வேண்டும். கைப்பிடிச்சுவர் மூலையில் அதே கலவையைச் சாய்வாகப் பூச வேண்டும். தண்ணி வடியும் வாட்டம் (சரிவு) 10 அடிக்கு ஒன்றரையிலிருந்து 2 அங்குலம் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்தபின் தேவைப்பட்டால்தான் பூச்சு. காய்ந்ததா என்று பார்க்க மீட்டர் வேண்டாம்: ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் அடியில் நீர் கோர்த்திருந்தால் இன்னும் ஈரம், பூசக்கூடாது. இதெல்லாம் ஒரே நாளில் இரண்டு பையன்கள் முடிக்கிற வேலையே இல்லை.

இனி போன் கதை. மழை பெய்த மறுநாள் காலை ஆப்பில் கூப்பிட்டோம். "டிக்கெட் போட்டாச்சு சார், 24 மணி நேரத்துல கால் வரும்." வரவில்லை. மறுபடி கூப்பிட்டால் வேறு பெண். "அந்த டெக்னீஷியன் இப்ப எங்க பிளாட்ஃபார்ம்ல இல்ல சார்." வாரண்டி அட்டை இருக்கிறதே என்றால், "வாரண்டி மெட்டீரியலுக்குத்தான், லேபருக்கு இல்ல." மெட்டீரியலே 10 லிட்டர்தான் வந்தது என்றால், "உங்க புக்கிங்ல 199 ரூபாய்தான் காட்டுது சார், மத்தது நீங்க வெளியே கொடுத்தது." வந்தவர் நம்பருக்கு அடித்தால் முதல் நாள், "மழை விடட்டும்க்கா, வந்து ஒரு கோட் இழுத்துவிடுறேன்." அதற்கப்புறம் சுவிட்ச் ஆஃப். 38,400 ரூபாய். அக்கா சீட்டு எடுத்த பணம் அது. ஈரத்தில் பூசியதே தப்பு என்கிறேன், மறுபடி ஈரத்தில் ஒரு கோட்டாம்!

நேரம் இல்லை, அவசரமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆப்பில் கூப்பிட்டால் ஆப்பிலேயே பணம் கட்டுங்கள், வந்தவர் சொந்த நம்பருக்கு ஒரு ரூபாய் போடாதீர்கள். எத்தனை லிட்டர், எந்தப் பொருள், எத்தனை கோட் என்று எழுதி வாங்குங்கள். சீல் உடைக்காத வாளி உங்கள் கண் முன்னால் திறக்கட்டும், காலி வாளியை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பணத்தைத் தண்ணி நிறுத்திப் பார்த்தபின் கொடுங்கள்: மழைத்தண்ணி இறங்கும் ஓட்டையைத் துணியால் அடைத்து ஒரு அங்குலம் நிறுத்தி 48 மணி நேரம் விட வேண்டும். 640 சதுர அடிக்கு 1,500 லிட்டர் பிடிக்கும். காரை விழுந்து கம்பி தெரிகிற பழைய தளமென்றால் இதைச் செய்யாதீர்கள், அதற்குப் பூச்சே தீர்வில்லை, இன்ஜினியரைக் கூப்பிடுங்கள்.

ஆள் தேடினால் உங்கள் தெருவிலேயே போன ஐப்பசிக்கு முன்னால் மாடி வேலை பார்த்த வீடு எது என்று விசாரித்து, அந்த வீட்டு உட்கூரையைப் பார்த்துவிட்டு அதே கொத்தனாரைப் பிடியுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் மாடி ஒழுகலுக்குக் கைக்காசு போடாதீர்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கட்டட அமைப்பு சார்ந்த ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாசர், சுவிட்ச், சாக்கடை அடைப்பு எடுப்பது போன்றவைதான் குடியிருப்பவர் பொறுப்பு.

ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆப்புக்கும் குறைதீர் அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும், 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், ஆன்லைன் வியாபாரத்துக்கான 2020 நுகர்வோர் விதி அது. போனில் பேசாமல் மெயிலில் அனுப்புங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2 வருஷத்துக்குள் போட வேண்டும். உரிந்த பூச்சு, சொட்டுகிற இடம், பணம் போன ஸ்கிரீன்ஷாட் எல்லாவற்றையும் தேதியோடு எடுத்து வையுங்கள். நாங்களும் அந்த 38,400-க்கு அங்கேதான் போகிறோம்.

கிழக்கே மறுபடி இருட்டுது. அக்கா வீட்டு மாடிக்குத் தார்ப்பாய் கட்டப் போகணும், மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.