எக்ஸ்ரேயா, மரபணுப் பரிசோதனையா?

ஏற்காட்டில் இருக்கும் அக்கா மகனுக்கு மூன்று வயதுக்குள் இரண்டு எலும்பு முறிவு, கண் வெள்ளையில் லேசான நீலம். எலும்பு எளிதில் நொறுங்கும் பரம்பரை நோயோ என்று சந்தேகம். எதை எடுப்பது என்று அக்கா குழம்பி நிற்கிறாள்.

செலவு: எக்ஸ்ரே நூறுகளில் முடியும். மரபணு ஆயிரங்களில் இழுக்கும்.

நேரம்: சேலத்துக்கு இறங்கினால் எக்ஸ்ரே அன்றே கையில். மற்றதற்கு வாரக்கணக்கு, ஆனால் கொஞ்சம் ரத்தம் போதும், பிள்ளையை அசையாமல் பிடிக்கிற போராட்டம் இல்லை.

தெரிவது: எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், காரணத்தை அல்ல. எலும்புக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு மாதிரி. இழையில் கோத்திருக்கும் அமினோ அமிலங்களில் மூன்றுக்கு ஒன்று கிளைசின் இருக்க வேண்டும், அந்த இடத்தில் வேறொன்று நுழைந்தால் முறுக்கு கெடும். கொலாஜனுக்கான மரபணுக்களில் சிஓஎல்1ஏ1 பழுதானால் எலும்பு நொறுங்கும், சிஓஎல்2ஏ1 என்றால் குருத்தெலும்பு கெட்டு வளர்ச்சி குன்றும்.

சிகிச்சை தொடங்க எக்ஸ்ரேயும் நல்ல டாக்டரும் போதும். அக்காவுக்கு இரண்டாவது குழந்தை யோசனை இருப்பதால், அதற்கும் வர வாய்ப்பு உண்டா என்று தெரிய மரபணுவையும் பார்த்துவிடச் சொன்னேன்.