சிஸ்டர்கள் பள்ளியா, மாநகராட்சிப் பள்ளியா?

மதுரையில் ஆறாம் வகுப்பு சேர்க்கை என்றதும் சிஸ்டர்கள் (கன்னியாஸ்திரிகள்) நடத்தும் கத்தோலிக்கப் பள்ளி வாசலில் நிற்பவர்களில் கிறிஸ்தவர் அல்லாத பெற்றோரும் நிறையப் பேர். பைபிளுக்காக அல்ல, "ஒழுக்கமா வளர்ப்பாங்க" என்ற நம்பிக்கைக்காக.

அந்த நம்பிக்கையில் நியாயம் இருக்கிறது. காலை ஜெபம், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (அவர்களின் மத போதனை), மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று மதிப்பெண் இல்லாத ஒன்றுக்கும் கால அட்டவணையில் இடம் தருவது வழக்கம். வீட்டுப் பெரியவர்களின் "மதம் மாத்திடுவாங்களோ" என்ற பயத்துக்கு அரசியலமைப்பின் 28(3) பிரிவே பதில்: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தக் குழந்தையையும் மத போதனையில் உட்காரவைக்க முடியாது. சேர்க்கையின்போதே இதைக் கேட்டுவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒழுக்கம் என்ற பெயரில் வெறும் பயத்தை வளர்க்கும் பள்ளிகளும் உண்டு. பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள்.

மாநகராட்சிப் பள்ளியில் எல்லா மதத்துக்கும் பொதுவான சூழல்.

பலர் கவனிக்காத வேறுபாடு ஒன்று. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் (மாநகராட்சிப் பள்ளியும் இதில் சேரும்) படித்தவர்களுக்கு. உதவி பெறும் கத்தோலிக்கப் பள்ளி இதில் வராது.

மகளுக்கு டாக்டர் கனவு என்றால் நான் மாநகராட்சிப் பள்ளியைத்தான் சொல்வேன். அந்தக் கனவு இல்லையென்றால், நடந்துபோகும் தூரத்தில் நல்ல சிஸ்டர்கள் பள்ளி இருக்கும்போது யோசிக்க வேண்டாம்.