எழுதிக் கேட்டுக் கட்டிய பால் கணக்கு ஆப்: எட்டு மாதம் ஓடிய பிறகு

காலையில் 140 வீட்டுக்குப் பால் ஊற்றும் ஒரு வியாபாரம். நோட்டுக்குப் பதிலாக மொபைலில் ஓடும் கணக்கு ஆப். ஒரு வரி கோட்கூடக் கையால் எழுதவில்லை. வேண்டியதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து எழுதிக் கேட்டே கட்டியது. லவபிள், போல்ட், வி0, ரெப்ளிட் ஏஜென்ட் என்று இந்த வேலைக்கு ஏஐ கருவிகள் பல இருக்கின்றன. இங்கே பேசுவது, கண்ணில் படும் முன்பக்கம் ரியாக்ட், பின்னால் விவரம் சேரும் இடம் சூப்பாபேஸ் டேட்டாபேஸ் என்று அமையும் ஆப்களைப் பற்றி.

வீட்டுப் பட்டியல், டிக் போடும் பக்கம், மாத பில் ஆகிய மூன்றும் ஒரே மதியத்தில் வந்துவிடும். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு வரும் தகராறுகளில் பெரும்பாலானவை ஒரே ரகம்: ப்ராம்ப்ட்டில் (கருவியிடம் எழுதிக் கேட்பதில்) எழுதாமல் விட்டதைக் கருவி தானே முடிவு செய்துகொள்ளும், முடிவு செய்ததைச் சொல்லாது.

முதலில் விலை. "ஒவ்வொரு வீட்டுக்கும் பால் விலை வேண்டும்" என்று எழுதினால், வீட்டு டேபிளிலேயே விலையை ஒரு எண்ணாக வைத்துவிடும். 16ஆம் தேதி லிட்டர் 60 ரூபாயிலிருந்து 64 ஆனால், ஒரு லிட்டர் வாங்கும் வீட்டுக்கு 30 நாள் மாதத்தில் 1,860 ரூபாய் வரவேண்டும். ஆப் 1,920 என்று காட்டும். போன மாத பில்லைத் திறந்தால் அதுவும் புது விலைக்கு மாறியிருக்கும். எழுத வேண்டியது இப்படி: "விலைக்குத் தனி டேபிள். பால் வகை, லிட்டர் விலை, எந்தத் தேதி முதல் என்ற மூன்று விவரம். பில் போடும்போது அந்தந்த நாளில் இருந்த விலையை எடு. பழைய விலையை அழிக்காதே." கூடவே, அளவு மில்லிலிட்டரிலும் பணம் பைசாவிலும் முழு எண்ணாகச் சேமிக்கப்பட வேண்டும் என்றும் சேர்க்க வேண்டும். தசமமாக விட்டால் கூட்டலில் எங்கோ ஒரு பைசா ஒட்டிக்கொண்டு நிற்கும்.

அடுத்தது தேதி. இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இன்றைய தேதியை எடுக்க இந்தக் கருவிகள் அடிக்கடி எழுதும் வரி யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத் தருகிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. காலை 4:45க்கு டிக் போட்டால் யுடிசியில் முந்தின நாள் இரவு 11:15. பால் நேற்றைய கணக்கில் ஏறிவிடும். பால்காரர் வேலை பார்ப்பதே அந்த நேரத்தில்தான்! "தேதியை ஆசியா/கொல்கத்தா நேரப்படி எடு, நேரம் இல்லாத வெறும் தேதியாகச் சேமி" என்று எழுதிவிட்டு, மொபைலின் கடிகாரத்தை விடியற்காலைக்கு மாற்றிவைத்துச் சோதிக்க வேண்டும்.

மூன்றாவது இன்னும் நைசானது. சூப்பாபேஸ் ஒரு கேள்விக்கு, அமைப்பை மாற்றாதவரை, அதிகபட்சம் 1,000 வரிதான் திருப்பித் தரும். 140 வீடு, நாளுக்கு ஒரு பதிவு என்றால் ஏழாம் நாள் வரை 980. எட்டாம் நாள் 1,120. அன்றிலிருந்து மாத மொத்தம் குறைவாகக் காட்டும். எரர் எதுவும் வராது. தனி வீட்டு பில்லில் 30 வரிதான் என்பதால் அது சரியாகவே இருக்கும். மொத்தப் பக்கம் மட்டும் பொய் சொல்லும். "மொத்தத்தை மொபைலில் கூட்டாதே, டேட்டாபேஸிலேயே எஸ்க்யூஎல் மூலம் கூட்டி ஒரே எண்ணாகக் கொடு" என்பதுதான் மருந்து. மூன்று வீட்டை வைத்துச் சோதித்துவிட்டுச் சரி என்று முடிவெடுக்கவே கூடாது. 4,000 போலிப் பதிவு போடச் சொன்னால் கருவியே ஒரு நிமிடத்தில் போட்டுக் கொடுக்கும்.

தமிழ் என்று வரும்போது தனித் தலைவலி. பில்லை பிடிஎஃப் ஆக்கச் சொன்னால் பெரும்பாலும் ஜேஎஸ்பிடிஎஃப் என்ற லைப்ரரியை (ஆயத்தக் கோட் தொகுப்பை) எடுக்கும். தமிழ் ஃபான்ட் சேர்க்காவிட்டால் குப்பை எழுத்து. சேர்த்தாலும் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் உட்காரும். "செல்வி" படிக்கவே வராது. தமிழ் எழுத்தை வரிசை மாற்றி அடுக்கும் வேலையை அந்த லைப்ரரி செய்வதில்லை. இதற்காக வேறு ஃபான்ட் தேடி அலைவது வீண். பில்லைச் சாதாரணப் பக்கமாக வைத்து, பிரவுசரின் பிரின்ட் வழியாக பிடிஎஃப் ஆக்கச் சொன்னால் எழுத்து ஒழுங்காக வரும். பெயர் வரிசையும் இப்படித்தான்: யூனிகோட் எண் வரிசையில் ன என்பது நவுக்கு அடுத்து இருப்பதால் கனகா முந்தி, கமலா பிந்தி வருவார், ஜெயா சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் செருகிக்கொள்வார். "தமிழ் அகர வரிசைக்குரிய இன்டர்நேஷனல் கொலேட்டரைப் பயன்படுத்து" என்ற ஒரு வரி போதும். எக்ஸெலுக்கு எடுக்கும் சிஎஸ்வி கோப்பில் தொடக்கத்தில், எழுத்து வகையை எக்ஸெலுக்குச் சொல்லும் யுடிஎஃப்-8 பாம் குறி வேண்டும் என்றும் கேட்டுவிட வேண்டும், இல்லையென்றால் பெயரெல்லாம் குப்பை எழுத்தாகத் தெரியும்.

பாதுகாப்பில் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சூப்பாபேஸின் பொதுக் கீ பிரவுசரில் யார் கண்ணிலும் படும். அது அப்படித்தான் அமைக்கப்பட்டது. உண்மையான பூட்டு, எந்த வரியை யார் பார்க்கலாம் என்று டேட்டாபேஸே சரிபார்க்கும் ரோ லெவல் செக்யூரிட்டி. லாகின் பக்கம் இருப்பதால் டேட்டா பத்திரம் என்று நினைப்பது தவறு. "அனுமதி இல்லை" என்று எரர் வந்தால், அதைத் தீர்க்கச் சொன்னதும் கருவி சில சமயம் பாலிசியில் (அந்தப் பூட்டின் விதியில்) வெறும் "ட்ரூ", அதாவது எல்லோருக்கும் அனுமதி, என்று எழுதிவிடும். எரர் போய்விடும், கதவும் திறந்துவிடும். சோதனை எளிது: இன்னொரு மெயிலில் கணக்குத் தொடங்கி லாகின் செய்து பாருங்கள். முதல் கணக்கின் வீடுகளில் ஒன்றுகூடத் தெரியக் கூடாது. இந்தப் பூட்டைத் தாண்டிப் போகும் சர்வீஸ் ரோல் கீ எந்தக் காரணத்துக்காகவும் முன்பக்கக் கோட்டில் இருக்கக் கூடாது.

கருவியின் உபயோகத்துக்குக் கழியும் கிரெடிட் எங்கே கரைகிறது என்றால், புதிதாகக் கட்டும்போது அல்ல, பக் (பிழை) சரிசெய்யும்போது. "சரிசெய்துவிட்டேன்" என்று சொல்லும், சரியாகியிருக்காது. மறுபடி கேட்டால் சரியாக இருந்த வேறொன்றை மாற்றும். இரண்டு முறைக்கு மேல் அதே சண்டை போட வேண்டாம். பழைய வெர்ஷனுக்குத் திரும்பி, புதுச் சாட் திறந்து, பிரவுசர் கன்சோலில் வந்த எரரை அப்படியே ஒட்டி, "கோட்டை மாற்றாதே, காரணத்தை மட்டும் சொல்" என்று கேட்பது மலிவு. காரணம் பொருத்தமாக இருந்தால் பிறகு மாற்றச் சொல்லலாம். ஒரு ப்ராம்ப்ட்டுக்கு ஒரே மாற்றம். இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: வெர்ஷன் பின்வாங்கினால் திரும்புவது கோட் மட்டும்தான். டேட்டாபேஸில் டேபிள் மாறியிருந்தால் அது மாறியபடியே நிற்கும், பழைய கோட் அதில் முட்டிக்கொள்ளும்.

"லைவ் டேட்டாவைத் தொடாதே" என்று ப்ராம்ப்ட்டில் எழுதுவது பூட்டு ஆகாது. 2025 ஜூலையில் ரெப்ளிட் ஏஜென்ட், எதையும் மாற்ற வேண்டாம் என்று தெளிவாக எழுதியிருந்தும், ஒருவரின் லைவ் டேட்டாபேஸை அழித்தது. நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டு, சோதனை டேட்டாபேஸையும் லைவையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். சூப்பாபேஸ் இலவசத் திட்டத்தில் 500 எம்பி இடம் உண்டு. இந்த அளவு வியாபாரத்தில் ஆண்டுக்கு 51,100 பதிவுதான், இடம் தாராளம். ஆனால் அந்தத் திட்டத்தில் தானியங்கி பேக்கப் கிடையாது. வாரம் ஒருமுறை எல்லா டேபிளையும் சிஎஸ்வியாக இறக்கி வைப்பதை யாராவது கையால் செய்தே ஆக வேண்டும்.

பில் அனுப்ப வாட்ஸ்அப் ஏபிஐ (ஆப் தானே செய்தி அனுப்பும் இணைப்பு) போடலாமா என்று கருவி ஆசை காட்டும். தேவையில்லை. 91 சேர்த்த எண்ணும் பில் வாசகமும் உள்ள சாதாரண வாட்ஸ்அப் லிங்க் போதும்; வாசகத்தை என்கோட் செய்ய (லிங்க்குக்கு ஏற்ற வடிவுக்கு மாற்ற) சொல்லாவிட்டால் "&" குறி வந்த இடத்தோடு செய்தி அறுந்துவிடும். பில்லில் யுபிஐ க்யூஆர் போடலாம், தொகையும் உள்ளே இருக்கும். பணம் வந்ததா என்பது மட்டும் ஆப்புக்குத் தெரியாது. கருவி அங்கே "செலுத்தப்பட்டது" என்று தானாக மாறும் பட்டன் ஒன்றைப் போட்டிருந்தால் உடனே எடுக்கச் சொல்லிவிடுங்கள். வரவை ஆள் பார்த்துத்தான் பதிய வேண்டும்.

பிளே ஸ்டோர் இந்த ஆப்புக்கு வேண்டாம். 25 டாலர் ஒருமுறை கட்ட வேண்டும், 2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் கணக்கென்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டவும் வேண்டும். குரோமில் திறந்து ஹோம் ஸ்கிரீனில் சேர்த்தால் வேலை முடிந்தது.

கடைசி வரை இழுத்தது சிக்னல் இல்லாத தெரு. பட்டனைத் தொட்டதும் டிக் விழும், பதிவு சர்வருக்குப் போயிருக்காது. இரண்டு விதி சேர்த்த பிறகுதான் அடங்கியது. சர்வர் ஏற்றுக்கொண்ட பிறகே பச்சை டிக், அதுவரை மஞ்சள் நிறத்தில் மொபைலிலேயே காத்திருக்க வேண்டும். வீடு, தேதி இரண்டும் சேர்ந்து ஒரே ஒருமுறைதான் வரலாம் என்று டேட்டாபேஸிலேயே கட்டுப்பாடு வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் கேட்டால், சிக்னல் வந்ததும் மஞ்சளில் இருந்தது இரண்டு முறை ஏறி, அரை லிட்டர் வீட்டுக்கு ஒரு லிட்டர் பில் போகும்.