பிளஸ் டூ லீவில் முதல் வேலை: பந்தியா, ஜவுளிக்கடையா?

பரீட்சை முடிந்து கல்லூரி திறக்கும்வரை வீட்டில் சும்மா இருக்க மாட்டேன், வேலைக்குப் போகிறேன் என்றான் மகன். மதுரையில் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று வேலைகள் இருந்தன. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை, தெருமுனை ஜெராக்ஸ் கடை, தெரிந்த கேட்டரிங்காரரிடம் கல்யாணப் பந்தி. பந்திக்குத்தான் அனுப்பினோம். அடுத்த வருடம் தங்கச்சி மகன் கேட்டாலும் அதையேதான் சொல்லப்போகிறேன். அதனால் இது தராசு பிடித்த தீர்ப்பு அல்ல, பந்திப் பக்கம் சாய்ந்த பேச்சு. சாப்பாடு டெலிவரியை அவனேதான் முதலில் கேட்டான். அதற்கு 18 முடிந்திருக்க வேண்டும், வண்டி லைசென்ஸும் வேண்டும். அவனுக்கு 17. பேச்சு அத்தோடு முடிந்தது.

அந்த 17தான் மற்ற வேலைகளிலும் முதலில் பார்க்க வேண்டியது. 14 முடிந்து 18 ஆகாத பிள்ளைகளை ஆபத்தில்லாத வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது பலருக்கும் தெரியும். நேரக் கட்டுப்பாடு இருப்பதுதான் தெரியாது. 1986ஆம் வருடத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 2016 திருத்தத்துக்குப் பிறகும் இப்படித்தான் சொல்கிறது: இடைவேளையும் காத்திருக்கும் நேரமும் சேர்த்தே ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான். தொடர்ந்து 3 மணி நேரம் வேலை பார்த்தால் ஒரு மணி நேரம் ஓய்வு தர வேண்டும். இரவு 7 மணி முதல் காலை 8 மணிவரை வேலை வாங்கக் கூடாது. ஓவர்டைமும் கிடையாது.

இதை வைத்துப் பார்த்தால் ஜவுளிக்கடை அங்கேயே அடிபட்டுப் போகிறது. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் கடை அடைத்து வெளியே வர இரவு ஒன்பதரை. பாதி நாள் மட்டும் வரட்டுமா என்று கேட்டதற்கு, அப்படி ஆள் எடுப்பதில்லை என்றார்கள். பந்தியிலும் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. முகூர்த்தத்தன்று டிபன் பந்தி விடியும்போதே தொடங்கிவிடும், ரிசப்ஷன் பந்தி இரவு பத்துக்கும் முடியாது. ஆனால் மதியச் சாப்பாட்டை மட்டும் தனியாகப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். பத்து மணிக்குப் போனால் நான்குக்குள் வீடு. "ரிசப்ஷனுக்கும் அனுப்புங்கண்ணே, ஆளு பத்தல" என்று கேட்டரிங்காரர் கேட்கத்தான் செய்தார். மதியம் மட்டும்தான் என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் மறுப்பது சுலபமாக இருந்தது.

பணம் என்று பார்த்தால் ஜவுளிக்கடைதான் மேல். நாங்கள் விசாரித்தபோது புது ஆளுக்கு மாதம் 10,000 பக்கம் சொன்னார்கள். பந்தியில் ஒரு மதியத்துக்கு 500. சித்திரை வைகாசி என்றாலும் தினமும் முகூர்த்தம் வராது. மாதத்தில் பாதி நாள்கூட வேலை இருக்காது என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அப்படியும் பந்தி என்று முடிவு செய்ததற்குக் காரணம், அங்கே கணக்கு அன்றன்றைக்கே தீர்ந்துவிடுகிறது என்பதுதான். இந்த லீவு முழு லீவு இல்லை. மே மாதம் ரிசல்ட் வரும். அதையொட்டி பொறியியல் கலந்தாய்வுக்குப் பதிவு, கலைக் கல்லூரிகளுக்குத் தனி விண்ணப்பம். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்று என இ-சேவை மையத்துக்கு நடக்க வேண்டும். நடுவில் அழகர் ஆற்றில் இறங்குவார், அன்று மதுரைப் பிள்ளையை வேலையில் பிடித்து வைக்க யாராலும் முடியாது. மாதச் சம்பளக் கடையில் இத்தனை நாள் லீவு கேட்டால் முகம் மாறும். அதற்கும் மேல் ஒரு வழக்கம் இருக்கிறது: முதல் மாதத்தில் 15 நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். நாங்கள் கேட்ட கடையில் அதை ஒளிக்காமலே சொன்னார்கள், திடீரென்று நின்றால் அந்தப் பணம் வராது என்றும் சேர்த்துச் சொன்னார்கள். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ கல்லூரி கூப்பிட்டதும் கிளம்பப்போகிற பையன், எப்படிப் பார்த்தாலும் திடீரென்று நிற்பவன்தான். பந்தியில் அந்தப் பிரச்சினையே இல்லை. கடைசிப் பந்தி எழுந்து, மேஜைப் பேப்பரைச் சுருட்டிப் போட்டதும் காசு கைக்கு வரும். நாளைக்கு வரவில்லை என்றால் முந்தின நாள் ஒரு போன் போதும்.

என்ன கற்றுக்கொண்டான் என்று கேட்கிறார்கள். புதுப் பையனுக்கு எடுத்ததுமே சாம்பார் வாளியைக் கொடுக்க மாட்டார்கள். முதலில் தண்ணீர் பாட்டில், இலை. நுனி சாப்பிடுபவரின் இடது கைப் பக்கம் வர வேண்டும் என்பதை வீட்டில் எத்தனையோ முறை சொல்லியும் காதில் வாங்காதவன், ஒரு பெரியவர் இலையைத் தானே திருப்பிப் போட்டுக்கொண்டதைப் பார்த்ததும் கற்றுக்கொண்டான். அப்புறம் உப்பு, ஊறுகாய், அப்பளம். அதன்பிறகுதான் கூட்டு பொரியல் தூக்கு. ரசத்துக்கு வர ரொம்ப நாளாகும். சோற்றில் குழி செய்து காத்திருப்பவருக்கு அளவாக ஊற்ற வேண்டும், ஓடிப் பாயசத்தில் கலந்துவிடக் கூடாது. கை காட்டி "போதும்" என்பவரில் யார் நிஜமாகவே போதும் என்கிறார், யாருக்கு இன்னும் ஒரு கரண்டி வேண்டும் என்பது முகத்தைப் பார்த்தே தெரிய ஆரம்பித்தது என்றான். ஜவுளிக்கடையிலும் ஆள் பார்த்துப் பேசும் வித்தை படியும், அநேகமாக இதைவிட நன்றாகவே. ஆனால் நாள் முழுக்க நிற்க வேண்டும். கடை ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத்திருத்தமே வந்தது, கூட்ட நேரத்தில் அதில் உட்கார முடியுமா என்பது வேறு கதை.

ஜெராக்ஸ் கடையைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, பக்கத்து வீட்டுப் பெண் சொன்னதுதான். ரிசல்ட் வந்த வாரம் தலை நிமிர நேரமில்லையாம். ஸ்கேன், ஆன்லைன் விண்ணப்பம், தமிழ் டைப்பிங் எல்லாம் பழகிவிட்டாள். வெயில் கிடையாது, வீட்டுக்குப் பக்கம். சம்பளம் மூன்றிலும் குறைவு என்றாள், ஆனால் அது அந்த ஒரு கடையின் கதையாகவும் இருக்கலாம்.

பந்தியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். கத்திரி வெயிலில் ஏசி இல்லாத மண்டபம் என்றால் வேர்த்து ஊற்றும். ரசமும் மோரும் சிந்திய தரையில் சாதாரண ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். கொதிக்கிற வாளியைச் சமையல்கட்டிலிருந்து தூக்குவது பெரியவர்கள் வேலை என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். தெரியாத ஆளிடம், வெளியூர் மண்டபத்துக்கு, வேனில் ஏற்றி அனுப்புவதாக இருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன். பெண் பிள்ளைகளை அனுப்புவது பற்றி என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வரவேற்பில் சந்தனம், கற்கண்டு கொடுக்க வருகிறார்கள், ஆனால் அது பெரும்பாலும் மாலை நேர வேலை.

18 முடிந்துவிட்டது, இந்த வருடம் கல்லூரி இல்லை, தீபாவளி வரை ஒரே இடத்தில் நிற்கலாம் என்று இருப்பவருக்கு நான் ஜவுளிக்கடையைத்தான் சொல்வேன். ஆடி பிறந்ததும் மண்டபங்கள் காலி, ஜவுளிக்கடைகளில் அப்போதுதான் தள்ளுபடிக் கூட்டமே ஆரம்பிக்கும்.