ட்விட்டரும் மாஸ்டடானும்: திறவுகோல் யார் கையில்?

1993 ஏப்ரல் 30 அன்று ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்ன் உலகளாவிய வலையின் மென்பொருளைப் பொதுவில் வைத்தபோது, யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஒரு சர்வரை (பக்கங்களை வழங்கும் கணினியை) நிறுவித் தம் பக்கத்தை வெளியிட முடிந்தது. 2006-இல் வந்த ட்விட்டர் (2023 முதல் எக்ஸ்) சொந்தமாகச் சர்வர் நிறுவும் சிரமத்தைப் போக்கியது; ஆனால் எழுத்தின் வீடும் அதன் திறவுகோலும் ஒரே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. 2023 ஜனவரியில் ட்விட்டரைப் பயன்படுத்த வெளியார் உருவாக்கிய செயலிகள் முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்பட்டபோது, 2011 முதல் பலர் பயன்படுத்திவந்த ட்வீட்பாட் என்ற அத்தகைய செயலி ஒரே இரவில் பயனற்றுப்போனது.

யூஜென் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான், பலர் தனித்தனியே நடத்தும் சர்வர்களாலான சமூக வலைத்தளம். இதில் முகவரி மின்னஞ்சலைப் போலப் பயனர் பெயரும் சர்வரின் பெயரும் சேர்ந்து அமைகிறது. 2018 முதல் வலைத் தரமாக இருக்கும் ஆக்டிவிட்டிபப் நெறிமுறையின் (சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் விதிகளின்) வழியே, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். சர்வர் நிர்வாகியின் போக்கு பிடிக்காவிட்டால் வேறு சர்வருக்குக் குடிபெயரலாம். பின்தொடர்வோர் கூடவே வருவார்கள், பழைய பதிவுகள் வருவதில்லை. எழுதியதைப் பொக்கிஷமாகக் கருதுபவர்களுக்கு இது சிறிய குறையன்று.

ஊரே கூடும் இடம் வேண்டுவோருக்கு ட்விட்டர் இன்னும் எளிது. ஆனால் வாசகர்களோடுள்ள உறவை ஒரு நிறுவனத்தின் முடிவுக்கு விட்டுவிட விரும்பாதவர்களுக்கு, அந்தக் குறையோடும் மாஸ்டடானையே பரிந்துரைப்பேன்.