காஸியன் பிளரா, லென்ஸ் பிளரா? கூடவே கொஞ்சம் நிறச்சாயம்

போட்டோ எடிட்டிங்கில் படத்தின் பின்னணியை மங்கலாக்க (பிளர்) வேண்டும் என்றதும் பலருடைய கை நேராகப் போவது காஸியன் பிளருக்குத்தான். வேகமானது, ஆரம் மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் விளக்குகள் நிறைந்த இரவுப் படத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். விளக்கெல்லாம் ஈரத்துணியால் துடைத்த மாதிரி மங்கிய திட்டுகளாகிவிடும். ஒவ்வொரு புள்ளியையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளோடு கலந்து சராசரி எடுப்பதுதான் அதன் வேலை. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை மட்டுமே மதிப்பு தாங்கும் 8 பிட் படத்தில் விளக்கின் வெளிச்சம் ஏற்கெனவே 255 என்ற உச்சத்தோடு வெட்டப்பட்டிருக்கும். சராசரி எடுத்தால் அதுவும் கரைந்துபோகிறது.

கேமராவில் நடப்பதே வேறு. குவியம் தப்பிய ஒளிப்புள்ளி, லென்ஸ் துளையின் வடிவத்தில் வட்டமாகவோ பலகோணமாகவோ தட்டுப் போல விரியும். லென்ஸ் பிளர் நகலெடுப்பது இதைத்தான். போட்டோஷாப்பில் வெளிச்சப் புள்ளிகளைத் தூக்கிக் காட்டவே அதில் தனி ஸ்லைடர் உண்டு. மெதுவாக ஓடும், பொறுமை வேண்டும்.

எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இன்னொன்று. தரை, காலடியிலிருந்து தூரம் போகப்போக மெல்ல மங்க வேண்டும் அல்லவா? காஸியன் போட்ட லேயருக்கு (படத்தின் மேல் வைக்கும் அடுக்கு), படிப்படியாக மறையும் மாஸ்க் (எந்த இடம் எவ்வளவு தெரியலாம் என்று கருப்பு, சாம்பல், வெள்ளையால் சொல்லும் மறைப்பு) போட்டால் நடுப்பகுதியில் பாதி மங்கல் கிடைக்காது. தெளிவான படத்தின் மேல் மூடுபனி படர்ந்த மாதிரி இரட்டையாகத் தெரியும். லென்ஸ் பிளரோ அதே சாம்பல் சரிவை ஆழ வரைபடமாக (எது எவ்வளவு தூரத்தில் என்ற குறிப்பாக) எடுத்துக்கொண்டு, மங்கலின் அளவையே இடத்துக்கு இடம் மாற்றும். ஆளைச் சுற்றி ஒளிவட்டம் போலக் கசியும் நிறத்துக்கு மட்டும் இரண்டையுமே நம்ப முடியாது. பின்னணி லேயரிலிருந்து ஆளை முதலில் அழித்து, இடத்தை நிரப்பிவிட்டுத்தான் பிளர் போட வேண்டும்.

சரி, நிறச்சாயம். மேலே ஒரு நிற லேயர் வைத்து, கீழுள்ள படத்தோடு கலக்கும் முறையாக மல்டிப்ளை கொடுத்தால் வெள்ளையிலும் நிறம் ஏறும், படம் இருண்டுவிடும். கலர் என்ற கலப்பு முறை வெளிச்சத்தைத் தொடாது. வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். என் ஓட்டு கலருக்கு, அதுவும் 20 சதவீத ஒபாசிட்டிக்குள் (லேயரின் அடர்த்தி). இலவச மென்பொருளான கிம்ப்பில் இந்தக் கலர் முறைக்கே, வெளிச்சத்தைக் கணக்கிடும் விதத்தைப் பொறுத்து எச்எஸ்எல், எல்சிஎச் என்று இரண்டு வகை. முன்னதில் நீலம் கொடுத்தால் கண்ணுக்குப் படம் இருண்டு தெரியும், மஞ்சள் கொடுத்தால் வெளுக்கும். எல்சிஎச் நம் கண் உணரும் வெளிச்சத்தைக் காப்பாற்றுவதால் அதையே எடுங்கள்.

காஸியன் பிளரின் அளவைப் பிறகு மாற்றும் வசதி போட்டோஷாப்பில் 2007-லேயே ஸ்மார்ட் ஃபில்டராக வந்துவிட்டது. கிம்ப் அதைத் தொட 2025-இல் 3.0 வரவேண்டியிருந்தது. இன்று அந்தக் காரணத்துக்காகக் காசு கொடுக்கத் தேவையில்லை.

அப்புறம், எதில் செய்தாலும் மங்கிய இடத்தில் படத்தின் நுண்மணல் (இயல்பாக இருக்கும் பொடிப்பொடியான சொரசொரப்பு) காணாமல் போகும். ஆள் மட்டும் சொரசொரப்பாக, பின்னணி பிளாஸ்டிக்காகத் தெரியும். 8 பிட்டில் வானத்தின் நிறம் படிக்கட்டு போலப் பட்டை பட்டையாகவும் உடையும், சாயம் ஏற்றினால் இன்னும் கூடும். 16 பிட்டில் வேலை செய்துவிட்டு, கடைசியாகப் பின்னணிக்கு மட்டும் துளி நாய்ஸ் (செயற்கை நுண்மணல்) தூவுங்கள்.